காலாவதி மாத்திரை, இன்சுலின் ஊசி, உப்பிய பேட்டரி: எதை யாரிடம் கொடுப்பது?

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது பழைய பாயும் துணியும் பிரச்சினையே இல்லை. பரணிலிருந்து கடைசியாக இறங்கும் சாமான்கள்தான் தொல்லை. உப்பிப் போன பவர் பேங்க், எரியாத டியூப் லைட், அடியில் இரண்டு விரல் அளவு பெயின்ட் மிஞ்சிய டப்பா, ஒரு கவர் நிறைய இன்சுலின் ஊசி, தேதி முடிந்த மாத்திரைப் பட்டைகள், பாதரசம் மின்னும் பழைய தெர்மாமீட்டர். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. கடைசியில் எல்லாம் ஒரு கறுப்புக் கவருக்குள் போய், முடிச்சு விழுந்து, குப்பை வண்டியில் ஏறிவிடும்.

சட்டப்படி அப்படிப் போகக் கூடாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயகரக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லின. அபாயகரக் கழிவை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் என்ற கணக்கில் உள்ளாட்சி அமைப்பு இடம் ஒதுக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருந்தது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் 22 மையங்கள் வந்திருக்க வேண்டும். உங்கள் தெருவில் யாரையாவது நிறுத்தி, பக்கத்து மையம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளில் பிரிவு நான்காகிவிட்டது. ஈரக்குப்பை, உலர்குப்பை, நாப்கின் போன்ற சுகாதாரக் கழிவு, அப்புறம் தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. பெயின்ட் டப்பா, பல்பு, தெர்மாமீட்டர், மருந்து எல்லாம் இந்த நான்காவதில் வருகின்றன.

நடைமுறையில் நம் முன்னால் இருக்கும் வழிகள் இவ்வளவுதான்: சாக்கடையில் ஊற்றுவது அல்லது எரிப்பது, கலந்த குப்பையில் போடுவது, தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுப்பது, காயலான் கடையில் போடுவது, விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுப்பது, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்ப்பது. எல்லாப் பொருளுக்கும் பொருந்தும் ஒரே வழி எதுவும் இல்லை. மறுசுழற்சி நிறுவனம்தான் எப்போதும் உயர்ந்தது, காயலான் கடை எப்போதும் மோசம் என்ற பேச்சையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பொருளை எங்கே தள்ளலாம் என்று யோசிக்கும்போது நான் பார்ப்பது, நமக்கு அடுத்து அதைத் தொடப்போகிறவர் யார், அவர் கையில் என்ன ஆகும் என்பதைத்தான். சுற்றுச்சூழல் என்பது பெரிய வார்த்தை. குப்பையைக் கிளறும் கை நம் வாசலிலேயே இருக்கிறது.

ஊசிதான் முதலில்

ஒரு நாளைக்கு இரண்டு முறை இன்சுலின் போடுகிறவர் வீட்டில், ஒவ்வொரு முறையும் புது ஊசி என்றால், வருடத்துக்கு 730 ஊசி சேரும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் லான்செட் தனி. பேனா ஊசியின் முனை நான்கு மில்லிமீட்டர்தான் என்பதால் பலர் அதை ஊசியாகவே நினைப்பதில்லை; பிளாஸ்டிக் மூடியைச் செருகிவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். மூடி கழன்றுவிடும். வண்டியில் நிற்கும் பணியாளர் பால் கவரையும் தண்ணீர் பாட்டிலையும் தனியே எடுப்பதற்காகக் கையை உள்ளே விடுவார். கையுறை இருந்தாலும் ஊசியைத் தடுக்கும் தடிமன் அதற்குக் கிடையாது. குத்திய ஊசி யாருடையது என்று அவருக்குத் தெரியாது. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி என்று மூன்றுக்கும் பயந்துகொண்டு பரிசோதனைக்கு அலைய வேண்டியது அவர்தான்.

ஊசிக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, நீங்கள் வழக்கமாகப் போகும் கிளினிக் அல்லது லேபில் கேட்டுப் பார்ப்பது. அவர்கள் தங்கள் ஊசிகளை மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும்; அங்கே நீராவியில் கிருமி நீக்கிப் பொடித்துவிடுவார்கள். உங்கள் டப்பாவும் அதோடு போய்விட்டால் அதைவிடப் பாதுகாப்பான முடிவு இல்லை. ஆனால் வீட்டு ஊசியை வாங்கிக்கொள்ள அவர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. அதற்குக் காசு கட்டுகிற சிறிய லேப்கள் கையை விரித்துவிடும். தெரிந்த டாக்டர் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்.

இன்னொன்று, மாநகராட்சி வண்டியில் தனியாகக் கொடுப்பது. இதில் எல்லாமே டப்பாவைப் பொறுத்தது. தண்ணீர் பாட்டில் வேண்டாம், அதை ஊசி துளைத்துவிடும். துணி துவைக்கும் லிக்விட் வருகிற தடித்த பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மார்க்கரில் ‘ஊசி – திறக்காதீர்கள்’ என்று பெரிதாக எழுதுங்கள். கொடுக்கும்போது வாயாலும் சொல்லிவிட வேண்டும்: “அக்கா, இதுல ஊசி இருக்கு, பாட்டில்னு எடுத்துடாதீங்க.” தடித்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பழைய சாமான் கடையில் விலை உண்டு. எழுதாமல் கொடுத்தால், உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுப் பாட்டிலை எடுத்துக்கொள்ளத்தான் யாருக்கும் தோன்றும்.

கிளினிக் வாங்கிக்கொண்டால் கிளினிக், இல்லையென்றால் எழுதி ஒட்டிய பாட்டில். இதில் மூன்றாவது வழியே கிடையாது.

பாதரசம்

சிஎஃப்எல் பல்பில் இருக்கும் பாதரசம் ஐந்து மில்லிகிராம் அளவில்தான். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரிலோ அரை கிராமுக்கு மேல். அதாவது ஒரு தெர்மாமீட்டர் நூறு பல்புக்குச் சமம். தாத்தா காலத்துப் பாதரச பிபி மெஷின் வீட்டில் இருந்தால் அது தெர்மாமீட்டரைப் போலவும் பல மடங்கு. இந்த வரிசை மனதில் இருந்தால், எதற்கு எவ்வளவு மெனக்கெடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

உடையாத பல்பு, டியூப் லைட் என்றால் புதிது வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே பழையதைப் போட்டு வைத்துவிடலாம். கடைக்காரர்களில் சிலர் வாங்கிக்கொள்கிறார்கள். பாதரச விளக்குகள் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருவதால் பதிவு பெற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளும். ஏழெட்டு பல்புக்காக ஸ்ரீபெரும்புதூர் வரை கார் ஓட்டிப் போவது அபத்தம். சேர்த்து வைத்துக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். எல்இடி பல்பில் பாதரசம் கிடையாது. அது வெறும் மின்னணுக் கழிவு, அவசரமே இல்லை.

தெர்மாமீட்டரையும் பிபி மெஷினையும் காயலான் கடைக்குக் கொடுக்கவே கூடாது. ஏன் என்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2001இல் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடந்த இடம், மூஞ்சிக்கல்லில் இருந்த ஒரு பழைய சாமான் கடைதான். ஹிந்துஸ்தான் லீவரின் அந்தத் தொழிற்சாலை அதோடு மூடப்பட்டது. பாதரசக் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மண்ணைச் சுத்தப்படுத்துவது பற்றிய வழக்கும் வாக்குவாதமும் அதற்கப்புறமும் பல ஆண்டுகள் ஓடின. பெரிய கம்பெனியின் கழிவையே காயலான் கடையில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்றால், நம் வீட்டுத் தெர்மாமீட்டருக்கு அங்கே என்ன மரியாதை கிடைக்கும்? மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் போட்டு, பெயர் எழுதி, மின்னணுக் கழிவோடு சேர்த்து மறுசுழற்சி நிறுவனத்திடம் கேட்டுக் கொடுப்பதுதான் இருக்கிற வழிகளில் தேவலாம்.

வீட்டில் உடைந்துவிட்டால் ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். துடைப்பம் போட்டால் உருண்டைகள் பொடிந்து இன்னும் பரவும், வாக்குவம் கிளீனர் போட்டால் ஆவியாகி அறை முழுக்கச் சுற்றும். இரண்டு விசிட்டிங் கார்டு எடுத்து உருண்டைகளை ஒன்றாகத் தள்ளி, ஜாடிக்குள் விட்டு, மிச்சத்தை டேப்பில் ஒட்டி எடுங்கள். அதற்கு முன்னால் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுங்கள். தங்கத்தில் பாதரசம் பட்டால் அந்த இடம் வெள்ளையாகிவிடும், தேய்த்தாலும் போகாது.

பேட்டரி: எக்ஸ்சேஞ்சா, காயலான் கடையா?

வீட்டு அபாயகரக் கழிவுகளில் காசு கிடைக்கிற ஒரே பொருள் இன்வெர்ட்டர் பேட்டரிதான். அதனாலேயே தவறான கைக்கு அதிகமாகப் போவதும் அதுதான். புதுப் பேட்டரி வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். காயலான் கடைக்காரர் சில நேரம் அதைவிடச் சில நூறு கூடவே தருவார், வீட்டுக்கே வந்து தூக்கிக்கொண்டும் போவார். எடையில் பாதிக்கு மேல் ஈயம், அவருக்குக் கட்டுப்படியாகிறது.

அந்தச் சில நூறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். முறையாக உருக்கும் ஆலை புகையை வடிகட்டவும் ஆசிட்டை நடுநிலையாக்கவும் செலவழிக்கிறது. கொல்லைப்புறத்தில் கோடரியால் பேட்டரியைப் பிளந்து, ஆசிட்டை மண்ணில் கவிழ்த்து, ஈயத்தைத் திறந்த அடுப்பில் உருக்குகிறவருக்கு அந்தச் செலவு இல்லை. நமக்குக் கூடுதலாக வந்தது அவர் மிச்சப்படுத்திய பணத்தின் ஒரு பங்கு. சுற்றியுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறினால் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், சரிசெய்யவும் முடியாது. ஆகவே இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. எக்ஸ்சேஞ்ச்தான், பில்லில் பழைய பேட்டரிக்காகக் கழித்த தொகை எழுதியிருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில்தான் வைத்திருக்கின்றன.

அதற்காகக் காயலான் கடையை வில்லனாக்க வேண்டாம். காய்ந்து சுத்தமான காலி பெயின்ட் டப்பா, பழைய ஃபேன், இஸ்திரிப் பெட்டி இவற்றுக்கெல்லாம் அதைவிட நல்ல இடம் கிடையாது. இரும்பும் செம்பும் அலுமினியமும் அங்கே ஒரு கிராம்கூட வீணாவதில்லை. எந்த நிறுவனமும் உங்கள் ஒற்றை ஃபேனுக்காக வண்டி அனுப்பாது. விஷம் உள்ள பொருளை அங்கே போடக் கூடாது, அவ்வளவுதான். பூச்சிமருந்து டின்னைப் போட்டால் நாளைக்கு யாராவது அதில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ பிடிப்பார்கள்.

போன், லேப்டாப், பவர் பேங்க் ஆகியவற்றில் உள்ள லித்தியம் பேட்டரியில் சிக்கல் வேறு மாதிரி. குப்பையை அழுத்தி நசுக்கும் காம்பாக்டர் லாரிக்குள் அது நசுங்கினால் தீப்பிடிக்கும். போன் ஓடிக்கொண்டிருந்தால் கடையில் எக்ஸ்சேஞ்ச், ஓடவில்லையென்றால் மின்னணுக் கழிவு. இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டிவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். கைக்கடிகாரம், ரிமோட், பொம்மையில் வரும் பொத்தான் பேட்டரிக்கும் அதே டேப். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொத்துவிடக் கூடியது அது. தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சமிருக்கும். சாதாரணப் பென்சில் பேட்டரி இவற்றோடு ஒப்பிட்டால் சாது, ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டே போகலாம்.

மாத்திரை

மாத்திரையில்தான் தமிழ்நாட்டில் நல்ல வழி குறைவு. மெடிக்கல் ஷாப்பில் பிரிக்காத பட்டையை, தேதி இருக்கும்போது, பில்லோடு கொடுத்தால் சிலர் எடுத்துக்கொள்வார்கள். காலாவதியானதை வாங்க மாட்டார்கள். பக்கத்தில் கேரளத்தில் வீட்டு மருந்துகளைச் சேகரிக்கவென்றே ‘என்பிரவுட்’ என்ற திட்டத்தைக் கோழிக்கோட்டில் தொடங்கினார்கள். சேகரித்ததை எரியூட்டு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். நம் ஊரில் அதுமாதிரி வருகிறவரை இருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்வது சுலபம் என்று பலருக்கு நினைப்பு. கழிவுநீர் நிலையங்கள் மருந்தை வடிகட்டுவதற்காகக் கட்டப்பட்டவை இல்லை. ஆன்டிபயாடிக் கூவத்திலும் அடையாற்றிலும் போய்ச் சேர்ந்தால், அந்த மருந்துக்கு மசியாத கிருமிகளை நாமே வளர்த்துவிடுகிறோம். ஆனாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மார்ஃபின், ஃபென்டானில், ட்ரமடால், டயசெபாம் போன்ற 17 மருந்துகளை மட்டும் ஃப்ளஷ் செய்துவிடச் சொல்கிறது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. வேறொருவர் எடுத்துச் சாப்பிட்டால் ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம், அந்த ஆபத்தோடு பார்த்தால் தண்ணீர் கெடுவது சின்ன விஷயம் என்பது அதன் கணக்கு. புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் வாங்கி, நோயாளி இறந்த பிறகு பட்டை மிஞ்சியிருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

மற்ற மாத்திரைகளை அபாயகரக் கழிவாகத் தனியே கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் பட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, கவரில் கட்டி, உலர்குப்பையில். அட்டையைக் கத்தரியால் குறுக்கே வெட்டிப் போடுங்கள். முழுப் பட்டையாகப் போட்டால் யாராவது பொறுக்கி எடுத்துச் சாப்பிடவோ விற்கவோ வாய்ப்புண்டு. இருமல் சிரப்புக்கும் இதே டீத்தூள் வைத்தியம்தான். ஆஸ்துமா இன்ஹேலரை மட்டும் துளைக்கவோ எரிக்கவோ கூடாது, அழுத்தத்தில் வெடிக்கும்.

ஊற்றுகிற சமாசாரம்

பெயின்ட், ஆசிட், பிளீச்சிங் பவுடர், தின்னர் இவற்றுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: எதற்கு வாங்கினீர்களோ அதற்கே பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள், அல்லது தேவைப்படுகிறவருக்குக் கொடுத்துவிடுங்கள். பக்கத்துக் கட்டடத்தில் பெயின்ட் வேலை நடந்தால் மிச்ச டப்பாவை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தண்ணீரில் கரையும் பெயின்ட் கொஞ்சம்தான் என்றால் மணலைக் கொட்டிக் கிளறி, மொட்டை மாடியில் காயவிட்டு உலர்குப்பையில் போடலாம். எனாமல், தின்னர் வகையறாவை அப்படிச் செய்ய வேண்டாம். மூடி இறுக்கி அபாயகரக் கழிவோடு வையுங்கள். டாய்லெட் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே நேரத்தில் ஊற்றித் தீர்க்க நினைத்தால் குளோரின் வாயு கிளம்பும், பாத்ரூம் கதவு சாத்தியிருந்தால் மூச்சே நின்றுவிடலாம். தள்ளுவண்டியில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி விற்கும் ஆசிட்டை வாங்காமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும்.

பைக் ஆயிலை வீட்டிலேயே மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலை அதே கேனில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது நேரே ஏரிக்கோ கடலுக்கோதான் போகும்.

தனி வீடா, அசோசியேஷனா?

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகளுக்கு அடியில் எந்தத் தடுப்பும் போட்டுக் கட்டவில்லை. பெருங்குடிக் கிடங்கு இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள அபாயகரக் கழிவு மையம் அப்படியில்லை, கீழே கசியாமல் அடுக்கடுக்காகத் தடுப்பு போட்டது. நம் டப்பா இந்த இரண்டில் எங்கே போகிறது என்பது, தனியாகக் கொடுத்தோமா கலந்து கொடுத்தோமா என்பதில்தான் முடிவாகிறது.

தனி வீட்டுக்காரர் சென்னை மாநகராட்சியின் உதவி எண் 1913க்கு போன் செய்து, தங்கள் வார்டில் அபாயகரக் கழிவை எந்தக் கிழமை, எங்கே வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். பதில் ஆளுக்கு ஆள் மாறும். புகார் எண் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை பேச உதவும். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. பல நிறுவனங்கள் குறைந்தபட்ச எடை கேட்கும். நாற்பது ஃப்ளாட் சேர்ந்தால் அது சுலபமாக வந்துவிடும். வருகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்து, என்ன எடுத்தார் எவ்வளவு எடுத்தார் என்று ரசீது வாங்குங்கள். ரசீது தரத் தயங்குகிறவர் பெரும்பாலும் காயலான் கடைக்குத்தான் கொண்டுபோகிறார். அதற்கு நேரே காயலான் கடைக்கே போட்டிருக்கலாம், காசாவது கிடைத்திருக்கும்.

ஆக, வாங்க ஆள் வரும்வரை வீட்டில் வைத்திருப்பதும் ஒரு வழிதான். சமையலறைக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், மூடியுள்ள ஒரு பக்கெட். பல்பு, பேட்டரி, தெர்மாமீட்டர் எல்லாம் அதில் ஆறு மாதம் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. உப்பிப் போன லித்தியம் பேட்டரியை மட்டும் அதில் போடாதீர்கள். குத்தாமல், அழுத்தாமல், சார்ஜ் போடாமல், ஒரு மண் சட்டியில் உலர்ந்த மணல் போட்டு அதில் வைத்து, வெயில் படாமல் பால்கனி ஓரத்தில் வையுங்கள். அந்த வாரத்துக்குள் போன் சர்வீஸ் சென்டரிலோ மறுசுழற்சிக்காரரிடமோ சேர்த்துவிடுங்கள்.